பரவனாற்றுக்கு எத்தனை மதிப்பெண்?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சுரங்கத்திலிருந்து நிலக்கரியைவிட அதிக எடைக்குத் தண்ணீர் வெளியே வருகிறது என்பது தெரியுமா? தண்ணீரை இறைக்காமல் அங்கே ஒரு கூடை கரிகூட அள்ள முடியாது.

இந்தக் கதை தொடங்கியதே தண்ணீரில்தான். 1934-இல் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு இறக்கியபோது, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வெளியே வந்தது. அதை அவர் அரசுக்குத் தெரிவித்தார். பிறகு நிலவியலாளர்கள் வந்து துளை போட்டுப் பார்த்தார்கள். 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது. 1957 மே மாதம் பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். முதல் கரிப் படுகை கண்ணுக்குத் தெரிய 1961 ஆகிவிட்டது. நான்கு ஆண்டுகள் மண்ணையும் தண்ணீரையும் வெளியேற்றுவதிலேயே போயின.

ஏன் அவ்வளவு தண்ணீர்? நெய்வேலியில் மேலே செம்மண். அதற்குக் கீழே ‘கடலூர் மணற்கல்’ என்று நிலவியல் புத்தகங்களில் பெயர் பெற்ற பாறை. அதற்கும் கீழே கரிப் படுகை. கரிக்கு அடியில் மணல் அடுக்கு ஒன்று இருக்கிறது. அது முழுக்கத் தண்ணீர். மேடான இடங்களில் பெய்த மழை, மணல் வழியே சரிந்து இறங்கி, களிமண்ணுக்கும் கரிக்கும் அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. மேலேயிருந்து இறங்கிய தண்ணீர் என்பதால், மறுபடி மேலே எழும்பத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அழுத்தம் என்று சொல்கிறார்கள். 60, 80 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கி நிறுத்தும் அழுத்தம் அது. மேலிருக்கும் மண்ணை அள்ளிவிட்டால், அடித் தண்ணீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். அதனால் சுரங்கத்தைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இது முதல் தண்ணீர். இரண்டாவது, திறந்த பள்ளத்தில் விழும் மழைத் தண்ணீர். மண்ணையும் கரித்தூளையும் அடித்துக்கொண்டு வரும். மூன்றாவது, பக்கத்திலேயே கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் அனல் மின்நிலையங்களின் தண்ணீர், சாம்பலோடு பழகியது. ஊரில் எல்லாவற்றையும் சேர்த்து ‘சுரங்கத் தண்ணி’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் இந்த மூன்றும் பிறந்த இடம் வேறு, சுமந்துவரும் பொருள் வேறு. தண்ணீரைச் சோதிக்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, ‘இது எங்கேயிருந்து வருகிறது?’ என்பதைத்தான்.

நெய்வேலிப் பக்கத்தில் ஓடுகிற ஆறு பரவனாறு. காவிரி, தென்பெண்ணை போலப் பெரிய பேர் கிடையாது. வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி என்று வயல்களுக்கு நடுவே நடந்து, கடலூர்ப் பக்கம் உப்பனாற்றோடு சேர்ந்து கடலுக்குப் போகும் சின்ன ஆறு. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் வறண்டுவிட வேண்டிய இந்த ஆற்றில், கோடையிலும் சுரங்கம் இறைக்கும் தண்ணீர் ஓடுகிறது. அதை நம்பி நெல் விளைகிறது. அதே தண்ணீரோடு வந்த மண்ணும் சாம்பலும் படிந்து பெருமாள் ஏரி தூர்ந்துபோனதாக விவசாயிகள் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். சுரங்கம் பெரிதாகும்போது ஆறே இடம் மாற வேண்டியிருக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கி மண் வெட்டியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பரவனாற்றைத் திருப்பிவிடுவதற்கான புதுக் கால்வாய்தான் அது. அறுவடைக்கு முன்னே பயிர் மண்ணுக்குள் போனதை அன்று பார்த்தவர்கள் யாரும் லேசில் மறக்க மாட்டார்கள்.

சரி, இந்த ஆற்றங்கரை ஊர்களில் தண்ணீரைக் குடிக்கலாமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிகிற சுரங்க ஆறுகளும் உலகில் உண்டு. ஸ்பெயினில் ரியோ டின்டோ என்ற ஆறு சிவப்பாக ஓடுகிறது. பாறையிலுள்ள பைரைட் என்ற கனிமத்தில் இரும்பும் கந்தகமும் இருக்கின்றன. அது காற்றையும் தண்ணீரையும் சந்தித்தால் துருவும் கந்தக அமிலமும் உண்டாகும். நம் நாட்டிலேயே மேகாலயாவின் ஜயந்தியா மலைகளில், நிலக்கரிக் குழிகளிலிருந்து வடிந்த அமிலத்தால் ஓடைகளில் மீன்கள் இல்லாமல் போயின. அங்கெல்லாம் பார்த்தவுடனே யாரும் குடிக்க மாட்டார்கள். எனக்குப் பயம் தெளிவான தண்ணீரைப் பார்த்துத்தான். ஜப்பானில் ஜின்சு ஆற்றின் மேல்பக்கம் இருந்த கமியோகா சுரங்கத்திலிருந்து காட்மியம் என்ற உலோகம் ஆற்றில் கலந்தது. ஆற்றிலிருந்து வயலுக்கு, வயலிலிருந்து அரிசிக்கு, அரிசியிலிருந்து உடம்புக்கு. எலும்பு நொறுங்கிப் பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் வலியில் துடித்தார்கள். காரணம் காட்மியம்தான் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது 1968-இல்.

வீட்டுக்கு வடிகட்டி விற்க வருகிறவர், பேனா மாதிரி ஒரு கருவியைத் தண்ணீரில் முக்கி எண் காட்டுவார், பார்த்திருக்கிறீர்களா? அது டிடிஎஸ் மீட்டர். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று பார்த்து, கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் கணிக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். நல்ல கருவிதான். ஆனால் அது எதைப் பார்க்காது என்று தெரிந்துகொண்டால்தான் பயன்.

குடிநீரில் பாதரசம் எவ்வளவு இருக்கலாம்? ஒரு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். எடையில் சொன்னால், நூறு கோடிப் பங்குத் தண்ணீருக்கு ஒரு பங்கு. உங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொட்டி முழுவதற்கும் சேர்த்து 30 மில்லிகிராம்தான் எல்லை. அந்த எல்லையைப் போல இரண்டு பங்கு, ஏன், பத்து பங்கு பாதரசம் கலந்தாலும் டிடிஎஸ் மீட்டரின் எண்ணில் ஒரு புள்ளிகூட அசையாது. கிருமியும் அப்படித்தான். மீட்டர் 150 என்று காட்டும் தண்ணீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் நிறைந்திருக்கலாம்.

பாதரசத்தை ஏன் பிடித்துக்கொண்டு பேசுகிறேன்? நிலக்கரிக்குள் மிகமிகக் குறைந்த அளவில் பாதரசம், ஆர்சனிக், செலினியம் எல்லாம் உண்டு. எரிக்கும்போது கரி போய்விடும், இவை போகாது. பாதரசம் ஆவியாகிப் புகையோடு கொஞ்சம் கிளம்பும், சாம்பலோடு கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். ஒரு டன்னில் இருப்பது தூசளவுதான். எரிவதோ ஆண்டுக்குக் கோடி டன் கணக்கில். 2023-இல் பூவுலகின் நண்பர்கள், மந்தன் அத்யயன் கேந்திரா என்ற இரண்டு அமைப்புகள் நெய்வேலி, பரங்கிப்பேட்டை வட்டாரங்களில் தண்ணீரையும் மண்ணையும் சோதித்து, பாதரசம் உட்பட உலோகங்கள் சில இடங்களில் எல்லை தாண்டியிருப்பதாக அறிக்கை வெளியிட்டன. அதன் பிறகு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இந்த விஷயத்தைக் கையில் எடுத்தது.

இவ்வளவு நுணுக்கமான அளவை எப்படி எடுக்கிறார்கள்? அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் ஒரே உலோகம் பாதரசம். சூடேற்றாமலே ஆவியாகிவிடும். அந்தக் குணத்தையே ஆய்வகத்தில் பயன்படுத்துகிறார்கள். தண்ணீரில் ஸ்டானஸ் குளோரைடு சேர்த்தால், கரைந்திருந்த பாதரசம் உலோகமாக மாறும். காற்றை ஊதினால் அந்தப் பாதரசம் ஆவியாகக் கிளம்பி ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் போகும். குழாயின் ஒரு முனையில் 253.7 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி. பாதரச அணுக்கள் அந்த ஒளியை விரும்பி உறிஞ்சும். மறுமுனையில் ஒளி எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால், பாதரசம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

ஆனால் எவ்வளவு நல்ல கருவியானாலும், புட்டியில் வந்த தண்ணீரைத்தான் அது சோதிக்கும். ஆகவே பாதி அறிவியல் ஆற்றங்கரையிலேயே நடக்கிறது. புட்டியை அதே ஆற்றுத் தண்ணீரில் மூன்று முறை அலச வேண்டும். கரையோரம் அள்ளக் கூடாது. ஓட்டத்துக்கு நடுவே, மேற்பரப்புக்குச் சுமார் 30 சென்டிமீட்டர் கீழே, தண்ணீர் வரும் திசையைப் பார்த்துப் புட்டியைப் பிடிக்க வேண்டும். உலோகச் சோதனைக்கான புட்டியில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் விடுவார்கள். இல்லையென்றால் உலோகம் புட்டியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் சுத்தம் என்று பொய்ச் சேதி வரும். கிருமிச் சோதனைக்கு வேறு புட்டி. அதை அலசவே கூடாது. முன்பே கிருமி நீக்கியிருப்பார்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகம் சேர்க்க வேண்டும். பிஎச், வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன் ஆகியவற்றை அங்கேயே, நின்ற இடத்திலேயே அளந்துவிட வேண்டும். பயணத்தில் அவை மாறிவிடும்.

எங்கே எடுப்பது என்பது இன்னும் முக்கியம். சுரங்கத் தண்ணீர் ஆற்றில் விழும் இடத்துக்குக் கீழே மட்டும் எடுத்தால் யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது. விழும் இடத்துக்கு மேலே ஒரு புட்டி கட்டாயம் வேண்டும். நம் பகுதி செம்மண் பூமி. இரும்பு இயல்பாகவே இருக்கும். மேலேயும் கீழேயும் ஒரே அளவு இருந்தால் அது மண் தந்தது. கீழே மட்டும் கூடியிருந்தால், நடுவில் ஏதோ சேர்ந்திருக்கிறது. பிறகு ஏரியில் ஒன்று, ஆற்றடிச் சேற்றில் ஒன்று. உலோகங்கள் களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், இன்று ஓடும் தண்ணீர் காட்டாததைப் பல ஆண்டுச் சேறு காட்டிவிடும். ஒரே நாளும் போதாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்புகள் நீர்த்துப்போகும், கலங்கல் கூடும். சித்திரையில் எல்லாம் தலைகீழ்.

ஒரு வேடிக்கையான சிக்கலும் உண்டு. பரவனாற்றின் கடைசிப் பகுதியிலும், சிதம்பரத்துக்குப் பக்கத்தில் வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டையிலும் டிடிஎஸ் பார்த்தால் பல ஆயிரம் காட்டும். பதறிப்போய்ச் சுரங்கத்தின் மேல் பழி போடக் கூடாது. ஓதம் ஏறும்போது கடல் தண்ணீர் ஆற்றுக்குள் வருகிறது. அது கடல் உப்பா, வேறு உப்பா என்று பிரிப்பது எப்படி? கடல் தண்ணீரில் லிட்டருக்குக் குளோரைடு சுமார் 19,000 மில்லிகிராம், சல்பேட் சுமார் 2,700. அதாவது ஏழுக்கு ஒன்று. உலகத்தில் எந்தப் பெருங்கடலில் அள்ளினாலும் ஏறக்குறைய இதே விகிதம்தான். ஆற்றில் எடுத்த தண்ணீரிலும் இந்த விகிதம் இருந்தால் உப்பைக் கொண்டுவந்தது கடல். குளோரைடு குறைவாக இருந்து சல்பேட் மட்டும் ஓங்கியிருந்தால், கந்தகம் வேறு எங்கிருந்தோ வருகிறது. தேடிப் போக வேண்டும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்றங்கரையிலேயே இருக்கிறது. உப்பும் நன்னீரும் கலக்கும் இந்தக் கழிமுகத்தைப் பல தலைமுறை மாணவர்கள் அங்கே படித்திருக்கிறார்கள்.

இப்போது கையில் பத்து இருபது எண்கள். ஊர்க்காரர்களுக்கு எப்படிச் சொல்வது? எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்கலாம் என்று 1965-இல் ஹார்ட்டன் என்ற அமெரிக்கர் ஒரு வழி சொன்னார். ‘நீர்த்தரக் குறியீடு’ என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு பொருளும் தன் எல்லையில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பார்த்து, சராசரி எடுப்பது அதில் எளிய முறை. 50-க்குள் இருந்தால் மிக நன்று, 100 வரை நல்லது, அதற்கு மேலே மோசம் என்று பல ஆய்வாளர்கள் வகுக்கிறார்கள்.

கற்பனையாக ஒரு தண்ணீரை எடுத்துக்கொள்வோம். டிடிஎஸ் 300, எல்லை 500, ஆகவே 60. கடினத்தன்மை 120, எல்லை 200, ஆகவே 60. குளோரைடு 100, எல்லை 250, ஆகவே 40. சல்பேட் 80, எல்லை 200, ஆகவே 40. நைட்ரேட் 9, எல்லை 45, ஆகவே 20. ஃபுளோரைடு 0.4, எல்லை 1, ஆகவே 40. பாதரசம் 0.002, எல்லை 0.001, ஆகவே 200. ஏழையும் கூட்டினால் 460. ஏழால் வகுத்தால் கிட்டத்தட்ட 66. நல்ல தண்ணீர்!

நல்ல தண்ணீரா? பாதரசம் எல்லையைப் போல இரண்டு மடங்கு இருக்கிறது. பத்தாம் வகுப்பில் நான்கு பாடத்தில் 95 எடுத்து ஒன்றில் 20 எடுத்தால், மொத்தத்தைக் காட்டித் தேர்ச்சி கேட்க முடியுமா? தண்ணீரும் ஒவ்வொரு பாடத்திலும் தேற வேண்டும். இந்தக் குறையைச் சரிசெய்யத்தான், எல்லை சிறிதாக இருக்கும் பொருளுக்கு அதிக எடை கொடுக்கும் முறை வந்தது. அந்த முறையில் இதே தண்ணீரின் குறியீடு 66-இலிருந்து கிட்டத்தட்ட 200-க்கு எகிறிவிடும். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒவ்வொன்றின் எடை, ஒன்றை அதன் எல்லையால் வகுத்தால் வருவது. பாதரசத்துக்கு எடை 1000, ஃபுளோரைடுக்கு 1, மற்றவற்றுக்கு ஒன்றைவிட மிகக் குறைவு.

இதைவிடப் பெரிய குறை ஒன்று எந்த முறையாலும் தீராது. பாதரசத்தைச் சோதிக்கவே இல்லையென்றால்? மீதி ஆறின் சராசரி 43. மிக நன்று என்று அறிக்கை வரும். ஒரு எண்கூடப் பொய்யில்லை. ஆனாலும் தண்ணீர் குடிக்க ஏற்றதில்லை. உலோகச் சோதனைக்குச் செலவும் நேரமும் அதிகம். சாதாரணச் சோதனைப் பட்டியலில் அது பெரும்பாலும் இருக்காது. சாம்பலும் கரியும் புழங்கும் வட்டாரத்தில் அதை விட்டுவிட்டு ‘குடிக்க ஏற்றது’ என்று எழுதுவது சரியில்லை என்பதே என் உறுதியான எண்ணம்.

சுத்தம் செய்தால் போகாதா என்று கேட்பீர்கள். நெய்வேலிக்கு அருகே வடக்குத்தில் பெரிய சுத்திகரிப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் பக்கத்து வீராணம் ஏரித் தண்ணீர் அங்கே வந்து தெளிந்த பிறகுதான் சென்னைக்குப் போகிறது; ஒரு நாளைக்கு 18 கோடி லிட்டர் அனுப்பும் திட்டம் அது. படிகாரம் போட்டால் கலங்கல் திரண்டு அடியில் இறங்கும். மணல் வடிகட்டி மிச்சத்தைப் பிடிக்கும். குளோரின் கிருமியைக் கொல்லும். ஏரித் தண்ணீருக்கு இது போதும். கரைந்த உப்புகளை இந்த வழி எடுக்காது; உலோகங்களையும் முழுசாகப் பிடிக்காது. கொதிக்க வைப்பதும் கிருமிக்கு மட்டும்தான் எமன். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வற்றும். உப்பு அப்படியே நின்று அடர்த்தியாகும்.

நீங்கள் வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று சொல்கிறேன். கடுக்காயைத் தட்டித் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். குழாய்த் தண்ணீரில் அதைச் சில சொட்டு விடுங்கள். இரும்பு அதிகமிருந்தால் நீலமும் கறுப்புமாக இருளும். நம் முன்னோர் எழுதுமை செய்தது இதே வேதியியலில்தான். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். சோதித்த தண்ணீரைக் குடிக்க வேண்டாம். கிருமிக்கும் ஒரு எளிய சோதனை இருக்கிறது. 1982-இல் குவாலியரிலுள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் உருவானது. சிறு புட்டியில் தண்ணீர் நிரப்பி ஒன்றிரண்டு நாள் வைத்தால், சாக்கடைக் கிருமி இருந்தால் கறுத்துவிடும். ஊராட்சிகளில் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி பெற்ற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இருக்கும் சோதனைப் பெட்டியில் இது போன்ற புட்டிகளைப் பார்க்கலாம். கூடவே போய்ப் பாருங்கள், கற்றுத் தருவார்கள்.

பாதரசத்துக்கு மட்டும் வீட்டுச் சோதனை கிடையாது, பெட்டியிலும் கிடையாது. ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். தமிழ்நாட்டில் அன்றைக்குக் கிராம சபை கூடும். அம்மா, அப்பாவோடு போனால், மேல்நிலைத் தொட்டித் தண்ணீரின் சோதனை அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் எந்தத் தேதியில் எடுத்தது, எந்தக் குழாயில் எடுத்தது என்று பாருங்கள். பிறகு பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாகப் படித்து, பாதரசம், ஆர்சனிக், செலினியம் என்ற மூன்று பெயர்கள் அதில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இல்லையென்றால் எழுந்து நின்று கேளுங்கள். அடுத்த முறை சேர்க்க வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.